கலாபகோஸ் போனால் மேற்குக் கரைக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்

பசிபிக்கில் ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளுக்குக் கப்பல் பதிவு செய்யும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பயணத் திட்டத்தில் பெர்னாண்டினா தீவும் இசபெலா தீவின் மேற்குக் கரையும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கப்பலும் அந்தப் பக்கம் போவதில்லை. இல்லையென்றால் வேறு தேதி தேடுங்கள், பரவாயில்லை.

காலையில் முதல் ரப்பர் படகிலேயே ஏறிவிடுங்கள். பெர்னாண்டினாவில் மனிதர் கால் வைக்க அனுமதியுள்ள இடம் புன்ட்டா எஸ்பினோசா என்ற முனை மட்டும்தான். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை, ஈரமானால் வழுக்கும், அதனால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பாறை என்று நினைத்து நீங்கள் கால் வைக்கப் போவது கடல் இகுவானா என்ற பெரிய பல்லி மீதாக இருக்கலாம், நூற்றுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், நிறமும் அதே கறுப்பு. குளிர்ந்த கடலில் பாசி மேய்ந்துவிட்டு வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும். அவ்வப்போது மூக்கு வழியாக உப்புநீரைப் பீய்ச்சும். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்பது பூங்கா விதி, கேமரா லென்ஸுக்கும் அதுதான் நல்லது! ஃபிளாஷ் கூடாது.

பறக்காத நீர்க்காகத்தின் கூட்டைக் கண்டால் நடையை நிறுத்திவிடுங்கள். எல்லோரும் அந்தக் குட்டிச் சிறகுகளை ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் காத்திருந்தால், கடலிலிருந்து திரும்பும் பறவை கூட்டில் இருக்கும் துணைக்குக் கடற்பாசியைக் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் நேரம் கேளுங்கள், ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர்தான் என்பதால் கேட்டால் கிடைக்கும்.

அப்புறம் ஸ்நார்க்கலிங், அதாவது மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது, பெரும்பாலும் இசபெலாவின் புன்ட்டா விசென்ட்டே ரோக்காவில். நிலநடுக்கோட்டில்தானே இருக்கிறோம் என்று வெறும் டிரவுசரோடு குதித்தால் பல் தந்தியடிக்கும். மேற்கிலிருந்து ஆழத்தில் வரும் குரோம்வெல் நீரோட்டம் இந்தத் தீவுகளில் மோதி மேலெழும் இடம் இது, இங்கே பென்குயின் வாழ்வதே அந்தக் குளிரால்தான். வெட்சூட் என்ற குளிர் தாங்கும் நீச்சலுடையை வாங்கிக்கொள்ளுங்கள், ஜூன் முதல் நவம்பர் வரை கட்டாயம். ஆமையைத் துரத்தாதீர்கள், கையை மடக்கிக்கொண்டு சும்மா மிதந்தால் அது உங்கள் பக்கத்திலேயே மேயும்.

மதியம் இசபெலாவின் டாகஸ் கோவ் என்ற சிறு விரிகுடாவில் மலையேற்றம், தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். மேலிருந்து தெரியும் டார்வின் ஏரி கடலைவிட உப்பு. 1835-இல் டார்வினே இந்தக் கரையில் தாகத்தோடு ஓர் எரிமலைவாய் ஏரிக்கு இறங்கிப் போய், வாயில் வைத்துப் பார்த்து ஏமாந்திருக்கிறார்.

திரும்பியதும் குளியல், சாப்பாடு எல்லாம் இருக்கட்டும். கப்பல் இந்த இரு தீவுகளுக்கும் நடுவிலுள்ள பொலிவார் கால்வாயைக் கடக்கும்போது வெளிச்சம் இருக்கும்வரை முன்தளத்தில் பைனாகுலரோடு நில்லுங்கள், திமிங்கலம் மூச்சு விடுவது முதலில் ஒரு சின்னப் புகைபோலத்தான் தெரியும்.