வெள்ளவத்தையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை சைக்கிளில் இரண்டு நாள்

தெற்குக் கடலோரமாகச் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தூரத்தைத்தான். கொழும்பிலிருந்து காலிக்கு 116 கிலோமீட்டர். இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்கு அங்கிருந்து இன்னும் ஒரு ஐம்பது. இதைச் சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்? ஆறு மணி என்று பதில் வந்தால், அன்றைக்கு வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன்.

நான் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ரலி சைக்கிளில், பாருக்குள்ளால் கால் விட்டு ஓடிப் பழகியவன். குடாநாட்டில் மலை கிடையாது. கியர் எதற்கு என்று தெரியாமலே வளர்ந்தோம். கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வருடத்தில் இரண்டு தடவையாவது இந்த வழியால் போய்விடுவேன்.

ஞாயிறு காலை நாலரைக்குப் புறப்படுங்கள். அந்த நேரத்தில் காலி வீதி கிட்டத்தட்ட உங்களுடையது. தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை எல்லாம் கடை திறக்காமல், சந்தியில் ஆள் இல்லாமல் பின்னால் போய்விடும். இதே வீதியில் எட்டு மணிக்குப் போனால் பாணந்துறை வரைக்கும் பஸ்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இடையில் கடலைக் காணலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பகுதியில் வீதிக்கும் கடலுக்கும் நடுவே வீடுகளும் ரயில் பாதையும் இருக்கின்றன. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுக்குள் போனால் தண்டவாளத்தைக் குறுக்காக, நேராகவே கடக்க வேண்டும். சரித்துக் கடந்தால் சக்கரம் இடுக்கில் விழும்.

பஸ் விஷயத்தில் நான் மீறாத ஒரு விதி உண்டு. முன்னால் போகும் பஸ் இடது பக்கம் ஒதுங்கத் தொடங்கினால் அதன் இடப்பக்கத்தால் நுழையக் கூடாது. கதவு அந்தப் பக்கம்தான், ஆட்கள் ஓட்டத்திலேயே குதிப்பார்கள். பத்து விநாடி பின்னால் நின்றுவிட்டுப் போங்கள். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் இரண்டும் வேண்டும். பின் லைட் விடிந்த பிறகும் எரியட்டும்.

இப்படிப் போனால் களுத்துறைப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். களு கங்கை கடலோடு சேருகிற இடம். இடது பக்கம் ஆறு கருஞ்சாம்பலாக இருக்கும், பாலம் முடிகிற இடத்தில் விகாரையின் வெள்ளைக் கோபுரம். பெரிய பெரிய லொறிக்காரர்கள் எல்லாம் போதி மரத்தடியில் நிறுத்தி உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போவதைப் பார்க்கலாம். திடீரென்று ஓரம் கட்டுவார்கள், அங்கே வேகத்தைக் குறையுங்கள். போயா (பௌர்ணமி) தினமென்றால் கூட்டம் வீதி வரைக்கும் வரும்.

முதல் தேத்தண்ணியை நான் பேருவளைக்கென்று வைத்திருக்கிறேன். அங்கே முஸ்லிம் கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சூடான இடியப்பம், ஒரு பிளேன்டீ, இரண்டு வாழைப்பழம் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டால் பெந்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது தூக்கம் வரும். அந்தப் பாலத்தோடு மேல் மாகாணம் முடிந்து தென் மாகாணம் தொடங்குகிறது.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீதியில் கண்ணாடித் துண்டை விட மோசமானது கம்பி. லொறி, பஸ் டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள் இருக்கும் உருக்குக் கம்பி மயிரிழை மாதிரித் துண்டு துண்டாக ஓரத்தில் கிடக்கும். ஒரு தடவை பலப்பிட்டியில் எனக்குக் காற்றுப் போனது. டியூப்பை மாற்றினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் திரும்பவும் போனது. இரண்டாவது டியூப்பும் அதே இடத்தில் ஓட்டை. டயருக்குள் விரலை விட்டுத் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பக்கத்தில் இருந்த ஓட்டோக்காரர் ஒருவர் முதலுதவிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சு பிய்த்துத் தந்தார். பஞ்சை உள்ளே சுற்றித் தடவியபோது ஓர் இடத்தில் நூல் இழுபட்டது. அங்கே அரை அரிசி நீளத்தில் ஒரு கம்பி நின்றது. நகத்தால் பிடிக்க முடியாமல் பல்லால்தான் இழுத்தேன். அன்றிலிருந்து என் பையில் இரண்டு டியூப், ஒட்டும் பசை, பம்ப் இவற்றோடு ஒரு பிடி பஞ்சும், புருவம் பிடுங்கும் சின்ன இடுக்கியும் இருக்கின்றன. டியூப்பைக் கழற்றும்போது காற்று வாய் இருந்த இடத்தை டயரில் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டையும் கம்பியும் எங்கே நேர்படுகின்றன என்று அப்போதுதான் தெரியும்.

டயர் அகலம் 28 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதைவிட மெலிந்தது நம் வீதிகளுக்கு வேண்டாம்.

அம்பலாங்கொடையைத் தாண்டிய பிறகுதான் கடல் வீதிக்குப் பக்கத்தில் வருகிறது. சில இடங்களில் அலைச் சாரல் முகத்தில் அடிக்கும். காலையில் வெயில் இடது பக்கத்திலிருந்து வருவதால் தென்னை நிழல் வீதியில் விழுந்து கிடக்கும். மதியத்துக்குப் பிறகு வெயில் கடல் பக்கம் போய்விடும், நிழலும் கிடையாது. நாலரைக்குப் புறப்படச் சொல்வதில் இந்த நிழலுக்கும் பங்கு உண்டு.

பெரேலியவில் இறங்குங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ரயிலைப் புரட்டியது அங்கேதான். அந்த ஒரு ரயிலிலும் அதைச் சுற்றியும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீதியோரம் நினைவுச் சின்னம் இருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

பத்து, பத்தரைக்குக் காலிக்குப் போய்விடலாம். செவ்விளநீர் இரண்டு குடியுங்கள். போத்தல் ஒன்றில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த பொடி) கரைத்து வைத்திருந்தால் அதையும் முடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வந்தால் பின்னேரம் கால் சுருட்டிப் பிடிக்கும். கோட்டைக்குள்ளோ வெளியிலோ அறை எடுத்து நன்றாகத் தூங்குங்கள்.

இரண்டாம் நாள் கணக்கு வேறு. காலியிலிருந்து மாத்தறை வரைக்கும் வீதி பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் போகிறது. விடிந்து முதல் ஒன்றரை மணித்தியாலம் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். உங்களை விட, உங்களுக்குப் பின்னால் வருகிற சாரதிக்குத்தான் அது ஆபத்து. கண் கூசி முன்னால் சைக்கிள் போவதே அவருக்குத் தெரியாது. அதனால் அந்த நேரத்தை நான் ரூமஸ்ஸல மலையில் கழிக்கிறேன். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு என்று சொல்லப்படும் குன்று. உனவட்டுனவுக்குப் பக்கத்தில் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது.

தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. சமதரையில் பழகியவர்கள் இங்கே செய்கிற பிழை, வேகமாக வந்து ஏறிவிடலாம் என்று நினைப்பது. முதல் வளைவிலேயே மூச்சு முட்டும், அப்புறம் பாரத்தோடு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னமே லேசாக மிதிபடும் சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள். இருக்கையில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கையை ஹேண்டிலின் மேல் பக்கம் தளர்வாக வைத்து, பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வசனம் பேசக்கூடிய வேகத்தில் மிதியுங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. இறங்கும்போது வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். மரநிழல் விழும் வளைவுகளில் மணலும் ஈரச் சருகும் இருக்கும்.

மேலே ஜப்பானிய சமாதான தாதுகோபுரத்தடியில் நின்றால் காலித் துறைமுகம், கோட்டை, வெளிச்சவீடு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நான் முதல்தடவை ஏறி நின்றபோது அப்பாவை நினைத்தேன். வாழ்நாள் முழுக்கச் சைக்கிள் ஓடியவர், ஒரு மலையிலாவது ஏறியதில்லை.

ஏழரைக்குப் பிறகு கீழே இறங்கினால் கொக்கலை, அஹங்கம, வெலிகம, மிரிஸ்ஸ என்று வழி சுலபம். வெலிகம வளைகுடாவில் வீதி கடலை அணைத்துக்கொண்டே போகும். அங்கேயும் தமிழ் பேசும் முஸ்லிம் கடைகள் உண்டு. மாத்தறை நகரத்துக்குள் நெரிசல், நிற்காமல் தாண்டுங்கள்.

தெய்வேந்திரமுனையில் 1890இல் ஏற்றப்பட்ட வெளிச்சவீடு, 49 மீட்டர் உயரம். எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள். நான் போவது தென்னாவரம் என்ற பழைய கோயில் தலத்துக்காக. 1588இல் போர்த்துக்கேயர் இடித்த பெருங்கோயில் இங்கேதான் இருந்தது. காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை நீங்கள் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். சீனத் தளபதி செங் ஹ காலத்துக் கல். அதன் தமிழ்ப் பகுதி இந்தக் கோயிலின் நாயனாருக்கு, அதாவது இங்கிருந்த இறைவனுக்கு, அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. புறப்படுவதற்கு முதல் வாரம் போய் அந்தக் கல்லைப் பாருங்கள். பிறகு இரண்டு நாள் மிதித்து இந்த மண்ணில் காலை வைத்தால் அது வேறு மாதிரி இருக்கும்.

இன்னும் மலை வேண்டும் என்கிறவர்கள் தெய்வேந்திரமுனையை விட்டுவிட்டு, காலியிலிருந்து ஏ17 வீதியால் அக்குரஸ்ஸ, தெனியாய ஏறிப் புலுத்தோட்டை வளைவுகளால் றக்வானைக்கு இறங்கலாம். தேயிலைத் தோட்டங்கள், தொழிலாளர் லயத்து வாசலில் தமிழ்ப் பேச்சு, பத்துக் கொண்டை ஊசி வளைவு. செயின் ஓடும் பற்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். மழை நாளில் மண் சரியும் இடம், பின்னேரம் பனிமூட்டம் இறங்கும். தெனியாயவில் தங்கிக் காலையில் கடவுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து வீதியோரத்துக்குத் தள்ளும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி.

திரும்புவதற்கு மாத்தறையிலிருந்து ரயில். எல்லா ரயிலிலும் சைக்கிள் ஏற்ற மாட்டார்கள். அதனால் ஸ்டேஷனுக்கு நேரத்தோடு போய்ப் பார்சல் கவுண்டரில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க முதல் சைக்கிளைக் கழுவுங்கள். இரண்டு நாள் உப்புக் காற்று அதில் படிந்திருக்கிறது. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் கரைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்து, துணியால் ஒற்றி, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய். களைப்பில் ஒருமுறை மறுநாளைக்கென்று விட்டேன். காலையில் பார்த்தால் செயின் முழுக்கத் துரு பூத்திருந்தது.