தலைப்புச் செய்தியை மட்டும் பார்த்து முகாம் போடாதீர்கள்

கோலாலம்பூரில் கோவில் மண்டபம், பிபிஆர் என்ற அரசாங்க மலிவு அடுக்குமாடியின் கீழ்த்தளம், தமிழ்ப்பள்ளித் திடல் என்று ஞாயிற்றுக்கிழமையானால் எங்காவது ஓர் இலவச மருத்துவ முகாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடத்துபவர்கள் சொந்தக் காசைப் போட்டு, தூக்கம் கெட்டு நடத்துகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த நோய்க்கு, யாருக்கு, எப்போது என்பதைப் பெரும்பாலும் அந்த வாரம் பேப்பரில் வந்த செய்திதான் முடிவு செய்கிறது. செய்தியைப் பார்த்து வேலை செய்வது நல்லதுதான். பாதிச் செய்தியோடு கிளம்பிவிடுவதில்தான் பிரச்சினையே.

இனிப்புநீரையே, அதாவது நீரிழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, 2023-இல் அது 15.6 என்று வந்தது. "குறைந்துவிட்டது" என்று படித்தவுடன், சரி, இனி வேறு நோயைப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் பெரியவர்களில், தமக்கு நோய் இருப்பது தெரிந்தவர்களின் பங்கு 9.4 விழுக்காட்டிலிருந்து 9.7 ஆகக் கூடியிருக்கிறது. குறைந்தது, தெரியாமலே நோயோடு நடமாடுபவர்களின் பங்குதான். அப்படியும் நோயுள்ள ஐந்து பேரில் இரண்டு பேருக்கு இன்னும் தெரியாது. 18 முதல் 29 வயதுக்குள் நோயுள்ளவர்களை மட்டும் எடுத்தால் 84 விழுக்காட்டினருக்குத் தெரியாது. 2019 கணக்கில் மலேசிய இந்தியர்களிடையே நோய் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்றில் ஒருவர், என்பதையும் சேர்த்துப் பார்த்தால் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

நம் முகாமுக்கு யார் வருகிறார்கள்? காலை ஒன்பது மணிக்கு, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகள். அவர்கள் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் செக்யூரிட்டிக்காரரும், மோட்டாரில் உணவு கொண்டுபோகும் 25 வயதுப் பையனும் அந்த வரிசையில் இல்லை. "அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டம் இருக்கிறது, இலவசமாகப் பரிசோதனை செய்யலாம்" என்று பொத்தாம்பொதுவாக அறிவித்துவிடுவது இன்னொரு தவறு. அது பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. இளையவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கைக் காட்டுங்கள், குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்).

டிங்கியில் (டெங்குக் காய்ச்சலில்) நடப்பது வேறு மாதிரி, அங்கே காலம் தப்புகிறது. கொசு கடித்துக் காய்ச்சல் வரவே நான்கு முதல் பத்து நாள் ஆகும். அப்புறம் பனடோல் போட்டுப் பார்த்து, கிளினிக் போய், ரத்தம் எடுத்து, பதிவாகி, நாளிதழில் வரும்போது கதை பழசாகிவிடுகிறது. அதிலும் "ஹாட்ஸ்பாட்" என்று பட்டியலில் ஓர் இடம் வந்தால், அங்கே பரவல் 30 நாளுக்கு மேல் நீடிக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் பேனரோடு ஓடினால் பக்கத்துப் புளோக்கில் அடுத்தது கிளம்பியிருக்கும். டிங்கி கேஸ்களைக் காட்டும் ஐடெங்கி இணையத் தளத்தில் உங்கள் வட்டாரத்தை வாராவாரம் பாருங்கள், ஒன்றிரண்டு கேஸ் தெரியும்போதே இறங்குங்கள்.

இறங்கினால் ஒரு நாள் கூத்தாகவும் விடாதீர்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், அதனால் துப்புரவும் வாராவாரம் நடக்க வேண்டும். சாமி மேடைச் செம்பு, பூச்சாடி, துணி காயப்போடும் இடத்தில் கிடக்கும் வாளி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று வீட்டுக்காரரையே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மட்டும் போனால் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். பிரஷால் தேய்க்க வேண்டும். கொட்ட முடியாத தண்ணீருக்கு, கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து.

செய்திகளில் எண்ணிக்கை வரும், மரணம் வரும், எப்போது ஆபத்து என்பது அவ்வளவாக வராது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டிங்கியில் ஆபத்தான நேரம், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு சுடவில்லை, தேறிவிட்டான் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், ஒரேயடியாகச் சோர்வு என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், இபுபுரோபன் கூடாது. டிங்கி பற்றிய நீளமான அறிக்கையை அச்சடித்துக் கொடுப்பதைவிட இந்த நான்கு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால் எவ்வளவோ பிரயோசனம்.

அடுத்து வாட்ஸ்அப். தமிழில் வருகிறதே என்று தமிழ்நாட்டுச் செய்தியை அப்படியே நம் குழுக்களில் தட்டிவிடுகிறார்கள். அதில் "104-க்கு அழையுங்கள், 108-க்கு அழையுங்கள்" என்று இருக்கும். இங்கே அவசரத்துக்கு 999. மூச்சு வாங்கும் ஒருவரை வைத்துக்கொண்டு தவறான எண்ணை அழுத்துகிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள், பகிர்வதற்கு முன் அந்த ஒரு வரியையாவது மாற்றியிருக்கலாம். கேரளாவில் நீப்பா என்று செய்தி வரும்போதும் இதே பதற்றம்தான். 1998, 1999-இல் நம் நாட்டில் நூறு பேருக்கு மேல் உயிரைக் குடித்த நோய் அது, பெயரே சுங்கை நீப்பா கிராமத்திலிருந்து வந்தது, பெரியவர்கள் பயப்படுவது நியாயம். அவர்களை அதட்டாமல், அப்போது இங்கே அது பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவியது, இப்போது நம் வட்டாரத்தில் நிலைமை என்ன என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுச் சொல்லுங்கள்.

"இனிப்புநீருக்குப் புது மருந்து கண்டுபிடிப்பு" வகைச் செய்தியில் இன்னும் கவனம் வேண்டும். எலியில் நடந்த சோதனையா, மனிதர்களிடம் நடந்ததா, எத்தனை பேரிடம் என்று பார்க்காமல் குழுவில் போட்டால், மறு வாரமே யாராவது இனிப்புநீர் மாத்திரையான மெட்போர்மினை நிறுத்திவிட்டு ஒரு பொடி டப்பாவோடு வந்து நிற்பார். டப்பாவை வாங்கித் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்த மருந்தென்றால் "எம்ஏஎல்" (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். இல்லையென்றால் சாப்பிட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எண் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, பரிசோதித்துவிட்டு அப்படியே அனுப்பிவிடுவது. விரலில் குத்திப் பார்த்து "பதினாலு, அதிகமாக இருக்கிறது" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? பயந்து போய் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார். விரல் குத்தல் நோயை உறுதி செய்யாது, கிளினிக்கில் ரத்தம் கொடுத்தால்தான் தெரியும், அதை அவர் கையைப் பிடித்துச் சொல்ல ஒரு ஆள் மேசையில் உட்கார வேண்டும். அவருடைய அளவு தெரிகிற மாதிரி படம் பிடித்து பேஸ்புக்கில் போடவே கூடாது. எந்தக் கிளினிக், எத்தனை மணிக்கு எண் கொடுக்கத் தொடங்குவார்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டுமா, எல்லாவற்றையும் முகாமுக்கு முன்பே அங்கே போய்க் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து போனாரா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் லீவு கிடைக்கவில்லையா, கூட்டிப்போக ஆள் இல்லையா, பயமா என்று பொறுமையாக விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முகாமை எந்த நாளில், எத்தனை மணிக்கு வைப்பது என்று அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.