வக்கீலோட தகராறா? முதல்ல கேஸைப் பாருங்க

வேலூரில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவன் நான். ஃபீஸ் தகராறு என்று யார் வந்தாலும், "கேஸ் இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள்.

அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் சத்துவாச்சாரி கோர்ட்டு வாசலில் வந்து நின்றார். பாகப்பிரிவினை வழக்கு. கையில் பழைய காலண்டர் தாள், பின்பக்கம் வக்கீலுக்குக் கொடுத்த பணம் பென்சிலில்: 5,000, 3,000, 5,000. ரசீது ஒன்றுகூட இல்லை. "இன்னும் இருபதாயிரம் வெச்சாதான் கட்டைக் குடுப்பேன்றாருண்ணா." இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டேன். வாதி தரப்பில் ஆஜராகவில்லை என்று தள்ளுபடியாகி 19 நாள்!

அப்படித் தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போட 30 நாள்தான் கெடு. தாண்டினால் தாமதத்துக்கும் தனி மனு, காரணம் சொல்லி மாளாது. அதனால் அன்றைக்கே வேறு வக்கீலைப் பிடியுங்கள். பழையவர், புது வக்கீலுக்கு நீங்கள் தரும் வக்காலத்தில் (ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட மறுத்தால், கோர்ட்டிலேயே அனுமதி கேட்டு மனுப் போடலாம். பிராது (வாதியின் வழக்கு மனு), எதிருரை (பிரதிவாதியின் பதில்) இவற்றுக்கு நகல் மனு போட்டால் கோர்ட்டே தரும்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாக்கி உண்மையானால் அவர் தனியாக சிவில் வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். இதைக் கடிதமாக எழுதி, அவரிடம் இருக்கும் அசல் பத்திரங்களை எண், வருஷத்தோடு வரிசையாகக் குறித்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அவர் ஆபீசுக்குப் போய்க் கத்தாதீர்கள். கத்தினவர் மேல் போலீஸ் புகார் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

விபத்து நஷ்டஈட்டுக் கேஸில் "வர்றதுல இத்தனை பர்சென்ட்" என்று பேசுவது இங்கே சகஜம். அந்தப் பேச்சு சட்டப்படி செல்லாது.

வக்கீல் அசட்டையால் நஷ்டமா? நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையாதீர்கள்; வக்கீல் சேவை அதில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான, சென்னையில் இருக்கும் பார் கவுன்சிலுக்கு, வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவில் புகார் எழுதலாம். கண்டிப்பார்கள், சன்னதைக்கூட (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) நிறுத்துவார்கள், ஆனால் உங்கள் காசு வராது. காசுக்கு சிவில் வழக்குதான். 1926-ஆம் வருஷ வக்கீல் கட்டணச் சட்டமே அதற்கு வழிவிட்டிருக்கிறது. ஒன்று, கேஸ் தோற்றது அசட்டை ஆகாது. வாய்தாவுக்கு வராதது, கெடுவைத் தவறவிட்டது, இவைதான் நிற்கும்.

அந்த அம்மாவின் மனு 26-ஆம் நாள் தாக்கலானது. காலண்டர் தாளில் தேதியே இல்லை. "ஆடிக் கிருத்திகைக்கு மொதநாளு, மாடு வித்த வாரம்" என்று அவர் சொல்லச் சொல்ல, பேங்க் பாஸ்புக்கில் பணம் எடுத்த தேதிகளோடு ஒட்டிப் பார்த்து நோட்டில் எழுதினேன். மூன்றில் இரண்டு ஒத்துப்போனது. கட்டு இன்னும் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி மட்டும் வந்திருக்கிறது.