குழந்தைக்கு ஆஸ்துமா: ‘லேசாத்தான் இருக்கு’ என்று நினைப்பதில் தொடங்கும் தவறுகள்

“ஆஸ்துமாவெல்லாம் இல்லை, அப்பப்போ வீசிங் வரும், அவ்வளவுதான்.” மாதம் தவறாமல் நெபுலைசர் வைக்கும் வீட்டில்கூட இந்தப் பேச்சைக் கேட்கலாம். வீசிங், இளைப்பு, அலர்ஜி இருமல் என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும், மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சுருங்குவது ஒன்றுதான். திரும்பத் திரும்ப வருகிறதென்றால் “இது ஆஸ்துமாவா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். 5 வயதுக்குக் கீழே ஊதிப் பார்க்கும் பரிசோதனை சரியாக வராது. சளி பிடிக்கும்போது மட்டும் இளைத்து, வளர வளர விட்டுப்போகும் குழந்தைகளும் நிறையப் பேர். அதனால் மருத்துவரே உடனே பெயர் வைக்கத் தயங்கலாம். அவர் தயங்குவதை ‘இல்லை’ என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

“எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது” என்பது அடுத்த சமாதானம். பெற்றோருக்கு ஆஸ்துமா இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் கரப்பான் என்னும் தோல் அலர்ஜி, விடாத தும்மல், குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த பிறப்பு, கைக்குழந்தையாக இருந்தபோது வந்த கடுமையான நெஞ்சுச் சளி, உடல் பருமன், சுவரில் பூஞ்சை பூக்கும் ஈர அறை ஆகியவையும் அதே கணக்கில்தான் வரும். புகையைத் தனியாகவே சொல்ல வேண்டும். வாசலுக்குப் போய்ப் புகைத்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கிறோம். சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிய புகை அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்து, குழந்தையை மடியில் தூக்கிக்கொள்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு தீவிரத்தை எடைபோடும் விதத்தில் நடக்கிறது. இன்று நன்றாக விளையாடுகிறானா, அப்படியானால் லேசானது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நோயைக் கட்டுக்குள் வைக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதுதான் அவர்களுக்குத் தீவிரத்தின் அளவு. அதிக மருந்தில் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு லேசான ஆஸ்துமா என்று சொல்ல முடியாது. லேசானது என்று எழுதப்பட்ட பிள்ளைக்கும் ஒரு நாள் கடுமையான தாக்குதல் வரலாம். பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லா வயதினரும் அதில் உண்டு. தீவிரத்தைக் கணிக்க முடிந்த 155 பேரில் பாதிக்கு மேல் லேசான அல்லது நடுத்தர வகையினர். மொத்தத்தில் 45 சதவீதம் பேர் உதவி தேடாமலேயே, அல்லது அவசர உதவி கிடைப்பதற்கு முன்பே இறந்திருந்தார்கள்.

சரி, வீட்டில் எதைக் கவனிப்பது? கடந்த 4 வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொல்லை வந்ததா, உடனடி நிவாரண இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுக்க வேண்டியிருந்ததா, இருமலால் ஒரு இரவாவது விழித்தானா, ஓட்டம் குறைந்ததா? 5 வயதும் அதற்குக் கீழும் என்றால் வாரத்துக்கு ஒன்றைத் தாண்டினாலே கணக்கில் எடுக்க வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். மூச்சு வாங்குவது பழகிப்போன பிள்ளை வாய் திறந்து சொல்வதில்லை. கால்பந்தில் தானாகவே கோல்கீப்பராக நின்றுகொள்வான். நாமும் “அவன் அமைதியான பையன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து சிரப்பைத் தேடுவதும் உண்டு. உடனடி நிவாரண மருந்தான சால்புடமாலின் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லியில் 2 மில்லிகிராம் இருக்கும், அதாவது 20 மடங்கு. அது வயிறு வழியாகச் சுற்றி, கையை நடுங்கவைத்து, தாமதமாக வேலை செய்யும். வீக்கத்தைத் தணிக்கத் தொடர்ந்து எடுக்கும் தடுப்பு இன்ஹேலரின் ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுக்குமா என்ற பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் வளர்ந்தபின் உயரம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் குறைந்தது. இருமல் நின்றதும் தடுப்பு இன்ஹேலரை நாமாக நிறுத்திவிட்டு நிவாரணியை மட்டும் நம்புவது இதைவிட எவ்வளவோ ஆபத்து. நிவாரணி குழாயை விரித்துவிடும், வீக்கத்தைத் தொடாது.

ஸ்பேசர், அதாவது இன்ஹேலரின் வாயில் பொருத்தும் மருந்துக் கூண்டு, இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே நின்றுவிடும். குலுக்கி, ஒரு அழுத்து, குழந்தை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சுவிட வேண்டும். அப்புறம்தான் அடுத்த அழுத்து. இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு “இன்ஹேலர் கேட்கவில்லை” என்று சொல்பவர்கள் அதிகம்.

முன்பு ஐசியூ வரை போன பிள்ளை, கடந்த ஓராண்டில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளை, உணவு அலர்ஜியும் உள்ள பிள்ளை: இவர்களுக்கு இரவில் இளைப்பு வந்தால் காலை வரை பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். மற்றவர்களுக்கும் இரவில் சந்தேகம் வந்தால் விளக்கைப் போட்டு சட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறதா, மூக்கு விரிகிறதா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா? விசில் சத்தம் நின்றும் குழந்தை திணறிக்கொண்டே இருந்தால், தெளிந்துவிட்டது என்று படுக்கவைக்காதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். உதடு நீலம் பூத்தாலோ, குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, நிவாரணி 4 மணி நேரம் தாங்காவிட்டாலோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் நிவாரணியைக் கொடுத்தபடியே உடனே கிளம்பிவிடுங்கள். ஸ்பேசரும் கூடவே வரட்டும்.