40 மீட்டர் கார் ஆன்டெனாவுக்கு இம்பிடன்ஸ் பொருத்துவது எப்படி?

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும் காரிலிருந்து 40 மீட்டர் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில்) பேச விரும்பும் ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி நண்பர்கள், முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஆன்டெனாவின் நீளக்குறைவை. 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ பத்தரை மீட்டர். காரில் நிறுத்த முடிவதோ இரண்டரை மீட்டர் கம்பிதான். குறையும் நீளத்தை, கம்பியோடு தொடராகச் சேர்க்கும் ஒரு லோடிங் சுருள் ஈடுசெய்து ஒத்ததிர்வுக்கு (வேண்டிய அதிர்வெண்ணில் கம்பி இசைந்து நிற்கும் நிலைக்கு) கொண்டுவந்தாலும், ஆற்றலை அலையாக வெளிவிடும் பங்கான கதிர்வீச்சுத் தடை இரண்டு மூன்று ஓமைத் தாண்டாது. சுருளிலும், காரின் உடலிலும், தரையிலும் ஆற்றலை விழுங்கும் இழப்புத் தடைகள் அதனுடன் சேர்வதால்தான் கம்பியின் அடியில் 15 அல்லது 20 ஓம் கிடைக்கிறது. ரேடியோவும் அதன் கேபிளும் எதிர்பார்ப்பதோ 50 ஓம். இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதே இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) பொருத்தம்.

ஆகவே, எந்தப் பொருத்தமும் செய்யாத நிலையிலேயே எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் விகிதம்; முழுப் பொருத்தத்தில் 1) 1.2 என்று தெரிந்தால் மகிழ வேண்டாம். ஏறத்தாழ 40 ஓம் இழப்புத் தடையில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்பதே அதன் பொருள். என் காரில் முதலில் 1.5 இருந்தது. பானெட், டிக்கி, கதவுகள், புகைக்குழாய் ஆகியவற்றை அகலமான செம்புப் பின்னல் பட்டையால், பெயின்ட்டைச் சுரண்டிய இடங்களில், சேஸிஸுடன் (காரின் உலோக அடிச்சட்டத்துடன்) இணைத்தபின் அது 2.5 ஆக ஏறியது. அந்த ஏற்றம்தான் உண்மையான முன்னேற்றம்: 33 ஓமாக இருந்த அடித்தடை 20 ஓமாகக் குறைந்திருந்தது. இந்த இணைப்பு வேலையை முடிக்காமல் பொருத்தத்தில் இறங்குவது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

20 ஓமை 50 ஓமாக உயர்த்த, ஆன்டெனாவின் அடிமுனைக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு சிறு சுருள் போதும். கம்பியைச் சற்றே குறைத்து, அதன் ஒத்ததிர்வை 7.1-க்கு ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளினால், 7.1-இல் அது 24 ஓம் அளவுக்கு மின்தேக்கிபோல நடந்துகொள்ளும். அப்போது குறுக்கே வரும் அச்சிறு சுருளுக்கு வேண்டியது 0.9 மைக்ரோஹென்றி. எனாமல் பூசிய தடித்த செம்புக் கம்பியை 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 8 சுற்றுகளாக, 30 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுற்றினால் இம்மதிப்புக்கு மிக அருகில் வரும். சுற்றுகளை விலக்கினால் மதிப்பு குறையும், நெருக்கினால் கூடும்.

அளவிடுவதற்கு நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவின் இம்பிடன்ஸையும் எஸ்.டபிள்யூ.ஆரையும் காட்டும் கையடக்க அளவி) போன்ற சிறு கருவி போதுமானது. மின்கம்பிகளும் பிற வாகனங்களும் அருகில் இல்லாத வெட்டவெளியில், கதவுகளையும் பானெட்டையும் மூடி, கம்பியிலிருந்து விலகி நின்று அளவைப் பாருங்கள். கம்பியின் நீளம், சுருளின் இடைவெளி ஆகிய இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருத்தினால், நான்கைந்து முறைகளில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2-க்குக் கீழே இறங்கிவிடும். ரேடியோவை ஒலிபரப்பில் வைத்திருக்கும்போது சுருளையோ கம்பியையோ தொடக் கூடாது. குறைந்த ஆற்றலிலும் தோல் வெந்துவிடும்.

மலைமேல் பனிமூட்டம் சூழ்ந்து லோடிங் சுருளில் நீர்த்துளிகள் படியும்போது ஒத்ததிர்வு கீழிறங்கும். அப்போது அடிச்சுருளை மாற்றாமல் ஈரத்தைத் துடையுங்கள்; அப்படியும் ஒத்ததிர்வு கீழேயே இருந்தால், கம்பியின் நுனியை மட்டும் சிறிது உள்ளே தள்ளினால் பழைய பொருத்தம் திரும்பும்.