ஆட்டு இதயத்தில் இடம் எது, வலம் எது?

வெட்டிப் பார்த்துப் படிக்கக் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கும்போது கீறாமல், மேல் குழாய்களை ஒட்ட நறுக்காமல் முழுசாகக் கேளுங்கள். கீறிவிட்டால் வால்வு, அதாவது இரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் கதவு, தேறாது.

இரு விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருப்பது இடது கீழறை, கூர்முனையும் அதனுடையதே. தொளதொளவென்று அமுங்குவது வலது. இடச்சுவர் ஏறத்தாழ 3 மடங்கு தடிப்பு. உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ளுவது அதுதானே, வலதுக்கு நுரையீரல் வரைதான் வேலை. முன்பக்கம் நம்மைப் பார்த்திருந்தால் இதயத்தின் இடப்பக்கம் நம் வலக்கைப் பக்கம் வரும். படம் வரையும்போது பலர் சறுக்குவது இங்கேதான்.

வெட்டுமுன், இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். அங்குள்ள வால்வின் 3 பிறை இதழ்களும் விரிந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் மெல்ல இறங்கினால் வால்வு பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இதழ்களுக்குப் பின்னால் உள்ள கரோனரி துளைகள் (இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் வாய்கள்) வழியாகவும் போகும். அவற்றில் ஈர்க்குச்சி விட்டுப் பார்க்கலாம்.