ஹைஸ்கூல் பெண்கள் கூடைப்பந்து: வீராங்கனைகளையும் அணிகளையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1982 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் பாலி பள்ளிக்காக ஆடிய ஷெரில் மில்லர் ஒரே ஆட்டத்தில் 105 பாயின்ட் எடுத்தார். 1990இல் மார்னிங்சைட் பள்ளியின் லிசா லெஸ்லி முதல் பாதியிலேயே 101 எடுத்தார். 2006இல் நியூயார்க்கின் மரி பெர்க்ட்ராம் பள்ளி மாணவி எபிஃபனி பிரின்ஸ் 113 எடுத்தார். அமெரிக்க ஹைஸ்கூல் பெண்கள் கூடைப்பந்து பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்த மூன்று எண்களும் வந்துவிடும். கூடவே, மூவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற கேள்வியும் வரும்.

அதற்கான பதிலை இந்த எண்களில் தேடுவதுதான் முதல் தவறு. மில்லர் 105 எடுத்த ஆட்டத்தின் முடிவு 179-15. பிரின்ஸின் ஆட்டம் 137-32. லெஸ்லியின் ஆட்டத்தில் பாதி நேரத்தில் 102-24 என்று இருந்தது, எதிரணி இரண்டாம் பாதி ஆடவே வரவில்லை. மூவரும் அபாரமான ஆட்டக்காரர்கள்தான். மில்லர் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், லெஸ்லி நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆனால் அவர்களுடைய திறமைக்கு 15 பாயின்டுக்கு மேல் எடுக்க முடியாத ஒரு அணி எப்படிச் சாட்சி சொல்லும்? பள்ளி அளவில் அணிகளுக்கு இடையே உள்ள இடைவெளி கல்லூரியிலோ தொழில்முறை லீகிலோ காண முடியாத அளவு பெரியது. அதனால் ஒருத்தியின் சராசரியைப் பார்த்ததும், அது யாருக்கு எதிராக எடுத்தது என்று கேளுங்கள். பருவத்தின் பலமான நான்கைந்து அணிகளுக்கு எதிராக அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது விதிகளை மறப்பது. அயோவா மாநிலத்தில் 1993 வரை பெண்களுக்கு அறுவர் ஆட்டம் இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று ஃபார்வர்டுகள் ஒரு பாதியில், மூன்று கார்டுகள் மறு பாதியில். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது, கூடையில் போடுவது ஃபார்வர்டுகள் மட்டும். 1968 மாநில இறுதிப் போட்டியில் டெனிஸ் லாங் 64 பாயின்ட் எடுத்தார், எதிரணியின் ஜீனெட் ஓல்சன் 76 எடுத்தார். ஓவர்டைம் வரை போய் 113-107 என்று லாங்கின் அணி ஜெயித்தது. லின் லாரன்சன் என்ற அயோவா பெண் பள்ளிக் காலம் முழுவதுமாக 6,736 பாயின்ட் சேர்த்தார். அந்த ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சின்னச் சின்ன ஊர்களில் அரங்கம் நிறையக் கூட்டம் கூடிய ஆட்டம் அது. பெண்களுக்கு வேறெங்கும் மேடையே இல்லாத காலத்தில் அயோவா அந்த மேடையைக் கொடுத்தது. ஆனால் அணியின் எல்லாப் பாயின்டும் மூன்று பேருக்குள் பங்கிடப்பட்ட ஆட்டத்தின் எண்ணை, அதே மாநிலத்தில் இன்றைய ஐவர் ஆட்டம் ஆடி வளர்ந்த நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கின் எண்ணோடு ஒரே பட்டியலில் வைத்தால் இருவருக்குமே அநியாயம்.

இன்றும் இதே சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. 2022-23 பருவத்திலிருந்து மாநிலங்கள் விரும்பினால் 35 விநாடி ஷாட் கிளாக் (அந்த நேரத்துக்குள் கூடையை நோக்கிப் பந்தைப் போட்டாக வேண்டும் என்ற கடிகாரம்) வைத்துக்கொள்ளலாம் என்று தேசியப் பள்ளிக் கூட்டமைப்பு அனுமதித்தது. சில மாநிலங்கள் அதற்கு முன்பே வைத்திருந்தன, சில இன்னும் வைக்கவில்லை. ஷாட் கிளாக் இல்லாத இடத்தில் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். அங்கே 14 பாயின்ட் சராசரி என்பது வேகமாக ஆடும் மாநிலத்தின் 18க்குச் சமமாகக்கூட இருக்கலாம். ஹைஸ்கூல் ஆட்டம் 32 நிமிடம்தான், கல்லூரியில் 40. பள்ளியின் த்ரீ-பாயின்ட் கோடு, அதாவது வெளியே நின்று போட்டால் மூன்று பாயின்ட் கிடைக்கும் கோடு, 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரிப் பெண்களுக்கு 2021-22 முதல் அது 22 அடியைத் தாண்டிவிட்டது. பள்ளிக் கோட்டில் கால் ஒட்டி நின்று போடுகிறவளா, இரண்டடி பின்னால் நின்றும் அதே கைவாகோடு போடுகிறவளா என்று பார்க்காமல் த்ரீ சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

சரி, விதியும் எதிரணியும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாயின்ட் சராசரி ஏமாற்றும். ஒரு கணக்கு பாருங்கள். ஒருத்தி ஆட்டத்துக்கு 20 பாயின்ட் எடுக்கிறாள், அதற்கு 22 ஷாட்டும் 4 ஃப்ரீ த்ரோவும் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) தேவைப்படுகின்றன. இன்னொருத்தி 13 பாயின்ட் எடுக்கிறாள், அதற்கு 9 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். அதை இரட்டிப்பாக்கி, பாயின்டை அதனால் வகுங்கள். முதல் பெண்ணுக்கு சுமார் 42 சதவீதம் வரும், இரண்டாமவளுக்கு 60. இதைத்தான் ட்ரூ ஷூட்டிங் என்கிறார்கள். இதை வைத்து இரண்டாமவள்தான் சிறந்தவள் என்று முடிவு கட்டினால் அது எதிர்த்திசைத் தவறு. முதல் பெண்ணின் அணியில் வேறு யாரும் ஷாட் எடுக்கத் துணியாமல் இருக்கலாம். கடைசி விநாடியில் கையில் சிக்கும் பந்தெல்லாம் அவள் தலையில் விழலாம். இரண்டாமவளின் சுமையை ஏற்றினால் சதவீதம் இறங்கலாம். யார் எவ்வளவு சுமக்கிறாள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நிமிடக் கணக்கும் அப்படித்தான். ஐம்பது பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் அணியின் நட்சத்திரம் ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதிலேயே பெஞ்சுக்குப் போய்விடுவாள். 16 நிமிடம் ஆடி 11 எடுத்தவளை, முழு 32 நிமிடமும் ஆடி 19 எடுத்தவளுக்குக் கீழே வைத்துவிடுகிறோம். அதற்காக நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பாக்குவதும் கூடாது. களைப்பு வந்த பிறகு ஆடுவது வேறு ஆட்டம். அப்புறம் ஒன்று: பள்ளிகளில் ஸ்கோர் புத்தகம் எழுதுபவர் பல நேரம் ஒரு பெற்றோராகவோ மாணவராகவோ இருப்பார். பாயின்ட் கணக்கு சரியாகவே இருக்கும். அசிஸ்ட் (கூடை போட உதவிய பாஸ்), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எல்லாம் எழுதுபவரின் தாராளத்தைப் பொறுத்தது.

புத்தகத்தில் ஏறாதவைதான் எனக்கு முக்கியம். எதிரணி மைதானம் முழுக்க நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் வரும்போது, பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டைப் பாருங்கள். இரண்டு பேர் அவளை ஓரக்கோட்டில் மடக்க வருகிறார்கள். அவள் தலை நிமிர்ந்திருக்கிறதா, பந்தைப் பார்த்துக் குனிந்திருக்கிறதா? மடக்கும் முன்பே பின்வாங்கி இடத்தை விரிக்கிறாளா, மாட்டிக்கொண்ட பிறகு பந்தைத் தூக்கிப் போடுகிறாளா? வலப்பக்கத்தை அடைத்துவிட்டால் இடக்கையால் போய் இடப்பக்க லேஅப்பை (கூடைக்கு அருகே ஓடி வந்து போடும் ஷாட்) இடக்கையாலேயே முடிக்கிறாளா, அல்லது பந்தை மறுபடி வலக்கைக்கு இழுக்கிறாளா? டிஃபன்ஸில், தான் காக்க வேண்டிய எதிரணி ஆள் பந்து இல்லாமல் தூரத்தில் நிற்கும்போது இவள் எங்கே நிற்கிறாள்? இரண்டு ஆட்டம் இப்படிப் பார்த்தால் கிடைக்கும் விவரம் ஒரு பருவத்துச் சராசரியில் கிடைக்காது.

உயரத்தை வைத்து எதிர்காலம் சொல்வது இன்னொரு பழக்கம். பெரும்பாலான பெண் பிள்ளைகள் 14, 15 வயதுக்குள் தங்கள் உயரத்தை ஏறக்குறைய எட்டிவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் எல்லோரையும் விட ஒரு தலை உயர்ந்து நின்று, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பறிக்கும் பெண், இரண்டு வருடத்தில் சாதாரண உயரக்காரியாக நிற்கலாம். அதற்குள் அவளுக்குப் பந்து கையாளக் கற்றுக்கொடுக்காமல் கூடைக்கடியிலேயே நிறுத்தி வைத்திருந்தால் அது பெரியவர்களின் குற்றம்.

தரவரிசைகளை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். 2020இல் பள்ளி முடித்தவர்களில் விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன் பட்டியலில் பெய்ஜ் பெக்கர்ஸ் முதலிடம், ஏஞ்சல் ரீஸ் இரண்டு, கேமரன் பிரிங்க் மூன்று, கிளார்க் நான்கு. பட்டியல் போட்டவர்கள் நல்ல கண்ணோடுதான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நான்காமவரான கிளார்க்தான் பின்னர் கல்லூரியில் 3,951 பாயின்ட் எடுத்துச் சாதனை படைத்தார். ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இருந்திருக்கும். 40க்கும் 90க்கும் நடுவேகூடச் சில சமயம் அவ்வளவுதான். கோடைக் கால கிளப் போட்டிகளில் ஆடி, தேர்வாளர் கண்ணில் பட்டவர்களே பட்டியலில் ஏறுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பயணச் செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பெண் அங்கே இல்லாமல் போவது திறமைக் குறைவால் அல்ல.

அணிகளுக்கு வந்தால், போன வருடத்து வெற்றி-தோல்விக் கணக்கை இந்த வருடத்துக்கு நீட்டுவதே பெரிய தவறு. கடைசி ஆண்டு மாணவிகளான சீனியர்கள் போய்விடுவார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் (ஸ்டார்ட்டர்கள்) எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்பதோடு, திரும்புகிறவர்களில் பந்தைக் கொண்டுவருபவள் இருக்கிறாளா என்றும் பாருங்கள். நல்ல கார்டு இல்லாத அணி, எவ்வளவு உயரமானவர்கள் இருந்தாலும், தடுமாறும். ஏ அணி பி அணியை 20 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது, பி அணி சி அணியை 10 வித்தியாசத்தில் ஜெயித்தது, ஆகவே ஏ சியை 30 வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கூட்டிப் போடாதீர்கள். பல மாநிலங்களில் வித்தியாசம் பெரிதானதும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவார்கள், அதனால் வெற்றி வித்தியாசமே உண்மையைச் சொல்லாது. கோப்பையும் அப்படியே. கலிஃபோர்னியாவில் பலமான அணிகளைப் பள்ளியின் அளவு பார்க்காமல் ஓப்பன் டிவிஷனில் போடுகிறார்கள். அங்கே இரண்டாவது சுற்றில் தோற்ற அணி, கீழ் டிவிஷனில் சாம்பியனான அணியை விடப் பலமானதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கடைசியாக முழங்கால். கூடைப்பந்தில் ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். காயத்திலிருந்து திரும்பியவளின் முதல் பருவத்தை அவளுடைய பழைய பருவத்தோடு ஒப்பிட்டு ‘இறங்கிவிட்டாள்’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எழுதப்படுபவள் பதினாறு வயதுப் பெண், அவளும் அதைப் படிப்பாள். பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில், கல்லூரியில் இருந்தபோது, ஏசிஎல் கிழிந்தது. ஒரு பருவம் முழுக்க ஆடவில்லை. 2025இல் தன் கல்லூரியான யூகான் அணியோடு தேசியப் பட்டம் வென்றார், பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். திரும்பி வந்தவளிடம் முதலில் பார்க்க வேண்டியது பாயின்டை அல்ல. அடிபட்ட காலில் எம்பி இறங்கும்போது தயங்குகிறாளா, திசை மாற்றும்போது அந்தக் காலை நம்பி ஊன்றுகிறாளா என்பதைப் பாருங்கள். அந்தத் தயக்கம் போன பிறகு வரும் எண்களை வைத்து ஒப்பிடலாம்.